ருசி, கொசுறு, ஓசி: காசில்லாமல் எழுதிக் கொடுப்பது பற்றி ஒரு விளக்கம்

எழுத்து வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: 'ஆரம்பத்தில் ஒன்றிரண்டு ஃப்ரீயாக எழுதிக் கொடுக்கலாமா?' உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். 'ஒரு வரிகூட காசு வாங்காமல் எழுதாதே, கொடுத்துப் பழகினால் மதிப்பே இருக்காது' என்று ஒரு கட்சி. 'நாங்களெல்லாம் அப்படித்தான் வந்தோம், முதலில் செய்து காட்டு, காசு பின்னால் வரும்' என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு சங்கதியைப் பேசுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். நல்ல வேளையாக, பிரிப்பதற்கு வேண்டிய சொற்கள் நம் கடைத்தெருவிலேயே இருக்கின்றன.

கடைத்தெருவில் மூன்று இலவசம்

மிட்டாய்க் கடைக்குப் போகிறீர்கள். மைசூர்பாகு எப்படி இருக்கும் என்று கேட்டால், கடைக்காரர் ஓரத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்துக் கையில் வைப்பார். இது ருசி. வாங்குவதற்கு முன்னால் கொடுப்பது, கொஞ்சமாகக் கொடுப்பது, வருகிற எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்து கொடுப்பது. அந்த விள்ளலை வைத்துக்கொண்டு யாரும் தீபாவளி கொண்டாட முடியாது.

காய்கறிக் கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கி முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் பையில் விழும். இது கொசுறு. வியாபாரம் முடிந்த பிறகு வருவது. காசு கொடுத்தவருக்கு மட்டும்தான் கொசுறு. வெறும் கையோடு போய் 'கொசுறு மட்டும் கொடுங்க' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது ஓசி. சரக்கையே காசில்லாமல் கொண்டுபோவது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனி வேலையாகப் போகிற தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று போட்டிருக்கும், அதற்குக் கட்டணம் கிடையாது, அந்த 'ஓ.சி.'தான் 'ஓசி' ஆயிற்று என்று சொல்வார்கள். இந்தப் பெயர்க்காரணம் எத்தனை தூரம் சரியோ, எழுதுகிறவர்களுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது: இன்றைக்கும் ஓசியில் நடப்பது கம்பெனி வேலைதான்.

கிளையண்டிடம் நீங்கள் எழுதிய பழைய கட்டுரையைக் காட்டினால் அது ருசி. காசு கொடுத்து ஐந்து கட்டுரை வாங்கினவருக்குத் தலைப்பை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தால் கொசுறு. அவர் தளத்தில் நாளைக்கு ஏறப்போகிற கட்டுரையைக் காசில்லாமல் எழுதிக் கொடுத்தால் ஓசி. முதல் இரண்டையும் எல்லா வியாபாரிகளும் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சண்டை மூன்றாவதைப் பற்றியது மட்டும்தான்.

வாங்குகிறவருக்கும் ஒரு பயம் உண்டு

சரி, ஓசியில் எழுதித் தரச் சொல்லி ஏன் கேட்கிறார்கள்? எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டால் விஷயம் புரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தர்பூசணி வாங்கும்போது பழத்தைத் தட்டிப் பார்க்கிறோம், காம்பைப் பார்க்கிறோம், கடைசியில் 'ஒரு கீற்று வெட்டிக் காட்டுங்க' என்கிறோம். உள்ளே சிவப்பா வெளுப்பா என்பது வெட்டினால்தான் தெரியும். எழுத்தும் அந்த ஜாதி. சட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஒருவர் நாளைக்கு எழுதப்போகிற கட்டுரையைத் தொட்டுப் பார்க்க முடியாது. காசு கொடுத்து, பத்து நாள் காத்திருந்து, கையில் வந்த பிறகுதான் அது தேறுமா தேறாதா என்பது தெரியும். விற்கிறவருக்குத் தன் சரக்கின் தரம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பொருளாதாரத்தில் தகவல் சமமின்மை என்று பெயர்.

இது சந்தையை என்ன செய்யும் என்பதை 1970இல் ஜார்ஜ் அகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்களை வைத்து விளக்கினார். நாம் பழைய பைக்கை வைத்துப் பார்ப்போம். சந்தையில் பாதி வண்டி நல்லது, ஐம்பதாயிரம் பெறும்; பாதி ஓட்டை, இருபதாயிரம்தான் பெறும். எது எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அப்போது என்ன செய்வீர்கள்? நடுவாக முப்பத்தைந்து சொல்வீர்கள். ஓட்டை வண்டிக்காரர் சந்தோஷமாகத் தள்ளிவிடுவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் 'இந்த விலைக்கு நானே ஓட்டிக்கொள்கிறேன்' என்று வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போனதும் மிச்சமிருப்பதில் ஓட்டை வண்டிதான் அதிகம், அதனால் விலை இன்னும் இறங்கும், இன்னும் சில நல்ல வண்டிகள் விலகும். மோசடிக்காரர் ஒருவர்கூட இல்லாமலேயே சந்தை கெட்டுப்போகிறது. இந்தத் துறையில் செய்த வேலைக்காக அகர்லோஃபுக்கும் வேறு இருவருக்கும் 2001இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

தமிழில் கன்டென்ட் எழுத வார்த்தைக்கு ஐம்பது பைசா, நாற்பது பைசா என்று ரேட் சொல்லுகிறார்களே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கஞ்சத்தனம் ஒரு காரணம்தான். கூடவே, வருகிற பத்து பேரில் யார் எழுதுவார், யார் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார், யார் மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்புவார் என்பது வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பயந்த விலை சொல்கிறார். 'முதலில் ஃப்ரீயாக ஒன்று எழுதிக் காட்டுங்கள்' என்பது அந்தப் பயத்தின் கடைசி எல்லை. விலையைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோய்விட்டால் அவருக்கு நஷ்டமே கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அவருக்குத் தரம் தெரியவில்லை, அதனால் பயம். அந்தப் பயத்தைத் தீர்ப்பது எழுதுகிறவரின் வேலை. ஓசியில் எழுதிக் கொடுத்தால் அது தீருமா என்பதுதான் அடுத்த கேள்வி.

இலவசம் என்ற அடையாளம்

2001இல் அகர்லோஃபோடு நோபல் வாங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் ஸ்பென்ஸ். 1973இல் அவர் எழுதியது இந்தப் பயத்தின் மறுபாதி: தரம் உள்ளவர் தன் தரத்தை எப்படிக் காட்டுவது? ஏதாவது ஓர் அடையாளம் காட்ட வேண்டும். ஆனால் எல்லா அடையாளமும் செல்லுபடியாகாது. தரமில்லாதவருக்கு அதே அடையாளத்தைக் காட்டுவது கஷ்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு மதிப்பு. இரண்டு பேராலும் ஒரே சுலபத்தில் காட்ட முடிந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

'நான் நல்ல சமையல்காரன்' என்று அட்டையில் அச்சடிப்பது எல்லாருக்கும் சுலபம், அதனால் அதை யாரும் நம்புவதில்லை. ஒரு கல்யாணத்தில் எண்ணூறு பேருக்குச் சாம்பார் சொதப்பாமல் வைத்தவர் என்று சம்பந்தி வீட்டார் சொன்னால் நம்புகிறோம். சும்மா சொல்லிவிட முடியாத விஷயம் அது.

இப்போது 'நான் ஃப்ரீயாக எழுதித் தருகிறேன்' என்ற வாக்கியத்தை இந்தத் தராசில் வையுங்கள். யாருக்கு இது கஷ்டம்? யாருக்குமே இல்லை. சொல்லப்போனால், மோசமாக எழுதுகிறவருக்குத்தான் இன்னும் சுலபம், அவரிடம் வேறு வேலை இல்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் இலவசம் என்ற அடையாளம் நல்லவரையும் மோசமானவரையும் பிரிப்பதே இல்லை. வாங்குகிறவர் காதில் அது 'இவரை யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது' என்று விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

'அட, இலவசம் கிடக்கட்டும், எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தால் தரம் தெரியுமே' என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் அங்கே வேலை செய்தது எழுத்து, இலவசம் அல்ல. ஏற்கனவே எழுதி வைத்த நல்ல கட்டுரை ஒன்றைக் காட்டினாலும் அதே தரம் தெரிந்திருக்கும். அப்படியானால் புதிதாக ஒன்றை அவருக்கென்றே எழுதிக் கொடுத்ததில் கூடுதலாக நடந்தது ஒன்றே ஒன்று: சரக்கு கை மாறியிருக்கிறது.

மாதிரிக்கும் ஸ்பெக்குக்கும் கணக்கு

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாதிரி என்பது நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே எழுதி, உங்கள் கையிலேயே இருக்கிற எழுத்து. யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். ஸ்பெக் வேலை என்பது ஒரு கிளையண்ட் சொன்னபடி, அவருக்கு மட்டுமே பயன்படும்படி, காசு வருமா வராதா என்று தெரியாமல் செய்து கொடுப்பது. ஸ்பெகுலேஷன் என்பதன் சுருக்கம். பங்குச் சந்தையில் சொல்லும் அதே ஊக வியாபாரம்தான், பணத்துக்குப் பதில் உங்கள் ராத்திரிகளைப் போடுகிறீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு விஷயத்தைப் படிக்க இரண்டு மணி நேரம், எழுத மூன்று, திருத்த ஒன்று, ஆக ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கம்பெனிகள் ஆளுக்கு ஒரு கட்டுரை ஸ்பெக்காகக் கேட்கின்றன. முப்பது மணி நேரம் போயிற்று. ஒருவர் வேலை கொடுக்கிறார். மற்ற நான்கு பேருக்கு எழுதியது என்ன ஆகும்? ஒன்று ஒரு குறிப்பிட்ட பிராண்டு குக்கரைப் பற்றியது, இன்னொன்று குளியலறைக் குழாய், மூன்றாவது யாரோ ஒருவருடைய பல் கிளினிக். வேறு யாரிடமும் காட்ட முடியாத அளவுக்கு அவர்களுக்கென்றே தைத்த சட்டை. ஆறாவது கம்பெனி கேட்டால் மறுபடியும் ஆறு மணி நேரம்.

மாதிரி அப்படி இல்லை. மூன்று நல்ல மாதிரிகளைப் பதினெட்டு மணி நேரம் செலவழித்து ஒரு முறை எழுதிவிட்டால், ஐந்து பேருக்கு அனுப்பினாலும் ஐம்பது பேருக்கு அனுப்பினாலும் செலவு அதே பதினெட்டுதான். மிட்டாய்க் கடைக்காரர் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடுப்பு மூட்டி மைசூர்பாகு கிண்டி ருசி காட்டுவதில்லையே.

அப்புறம் விலைச் சங்கதி ஒன்று இருக்கிறது. நடைபாதைக் கடையில் முதலில் சொன்ன விலையைச் சுற்றித்தான் பேரம் நடக்கும். எண்ணூறு என்று ஆரம்பித்தால் ஐந்நூறில் முடியும், முந்நூறு என்று ஆரம்பித்தால் இருநூறில் முடியும். நீங்கள் பூஜ்யத்தில் ஆரம்பித்தால், அடுத்த கட்டுரைக்கு ஆயிரம் ரூபாய் என்பது அந்த மனிதருக்கு விலையாகவே தெரியாது, விலையேற்றமாகத் தெரியும். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குப் போவது சுலபம், பூஜ்யத்திலிருந்து ஐந்நூறுக்குப் போவதுதான் மலையேற்றம். 'போன தடவை ஃப்ரீயாகத்தானே கொடுத்தீங்க' என்று ஒரு வருஷம் கழித்துக்கூடக் கேட்பார்கள்.

'சின்ன டெஸ்ட்தான்'

எல்லா டெஸ்ட்டையும் ஒரே கம்பால் அடிக்க முடியாது. மொழிபெயர்ப்பு ஏஜென்சிகள் இருநூறு, முந்நூறு வார்த்தை கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். எல்லாருக்கும் ஒரே பத்தி, அதுவும் பெரும்பாலும் பழைய பத்தி, முக்கால் மணி நேர வேலை. அதை நான் ருசிக் கணக்கில்தான் சேர்ப்பேன். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த டெஸ்ட்டுகளைக் குறை சொல்லவும் முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து அனுப்பிய மாதிரியை நீங்கள் எழுதினீர்களா, மெஷின் எழுதியதா என்ற சந்தேகம் நியாயமானது. இருபது நிமிட வீடியோ அழைப்பில் ஒரு பத்தியைக் கொடுத்து 'இதைத் திருத்துங்க பார்ப்போம்' என்று கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள்; அங்கே கை மாறுகிற சரக்கு ஒன்றுமில்லை, உங்கள் கை எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் பார்க்கிறார்.

கெட்ட டெஸ்ட் எப்படி இருக்கும் என்றால், முழுக் கட்டுரையாக இருக்கும், அவர்களுடைய பொருளைப் பற்றியே இருக்கும், ஒன்று போதாது என்று மூன்று கேட்கும். இதில் இன்னொரு தந்திரம் உண்டு. ஒன்பதாயிரம் வார்த்தை உள்ள ஒரு கையேட்டை முப்பது துண்டாக நறுக்கி, வேலை கேட்டு வந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு துண்டை டெஸ்ட் என்று அனுப்பிவிடுவது. ஒவ்வொருவருக்கும் முந்நூறு வார்த்தைதானே என்று தோன்றும். கையேடு ஓசியில் முடிந்துவிடும். உங்களுக்கு வந்த பத்தி நடுவிலிருந்து ஆரம்பித்து நடுவிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள்.

நானும் மாட்டியவன்தான். எழுத வந்த புதிதில் ஒரு வீட்டுமனை கம்பெனி ஐந்து கட்டுரை டெஸ்ட்டாகக் கேட்டது. பட்டா என்றால் என்ன, வில்லங்கச் சான்றிதழ் எப்படி வாங்குவது என்று நானும் உற்சாகமாக ஒரு வாரம் எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தும் அவர்கள் தளத்தில், ஒரு கால்புள்ளி மாறாமல். ஃபோன் செய்து, 'சார், அது டெஸ்ட்டுக்குக் கொடுத்ததுதானே?' என்றேன். 'ஆமா தம்பி, பாஸாகிட்டீங்க, அதான் போட்டிருக்கோம்' என்றார். கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்றைக்கும் வருத்தம்.

'உங்க பேர் வரும்'

காசுக்குப் பதில் பெயர். இதன் பெயர் எக்ஸ்போஷர்: நிறையப் பேர் பார்ப்பார்கள், அதனால் பிற்பாடு வேலை வரும் என்ற வாக்குறுதி. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் ஹஃபிங்டன் போஸ்ட். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் எழுதினார்கள். 2011இல் ஏஓஎல் நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசமாக எழுதிய ஜோனதன் டாசினி என்பவர், 'இந்த மதிப்பில் எங்கள் உழைப்பும் இருக்கிறது' என்று மற்ற பதிவர்கள் சார்பிலும் 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2012இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காசு கிடையாது, பெயர்தான் கிடைக்கும் என்பது தெரிந்தேதான் எழுதினீர்கள், தெரிந்ததுதானே கிடைத்தது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2018 ஜனவரியில் அந்த இலவசப் பதிவர் ஏற்பாட்டையே அந்தத் தளம் மூடிவிட்டது. தீர்ப்பு எனக்குக் கசந்தாலும் தவறென்று சொல்ல முடியவில்லை. ஆட்டத்தின் விதியை ஆட்டம் முடிந்த பிறகு மாற்ற முடியாது.

2013இல் நேட் தேயர் என்ற பத்திரிகையாளருக்கு நடந்ததும் இதே ரகம். கம்போடியக் காடுகளுக்குள் போய், அந்த நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி போல் பாட்டை 1997இல் பேட்டி கண்டவர் அவர். வட கொரியா பற்றி அவர் ஏற்கனவே எழுதிய ஒரு கட்டுரையைச் சுருக்கித் தரும்படி தி அட்லான்டிக் இதழின் இணையப் பிரிவு கேட்டது. காசு இல்லை, ஆனால் மாதம் 1.3 கோடி வாசகர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னது. அவர் அந்தக் கடிதப் போக்குவரத்தை அப்படியே வெளியிட்டுவிட்டார், பெரிய விவாதமாயிற்று. இருபத்தைந்து வருஷம் இதே தொழிலில் இருந்தவருக்கே 'வாசகர்கள்' என்றுதான் சம்பளம் சொல்லப்பட்டது. புதியவர்களுக்குச் சொல்லப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

ஆனால் பெயர் எப்போதும் வெறும் காற்று என்றும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அங்கே படிக்கிறவர்களில் எனக்கு வேலை கொடுக்கக்கூடியவர் யாராவது இருக்கிறாரா? விவசாயக் கருவிகள் பற்றி எழுதுகிறவருக்கு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் படிக்கிற ஓர் இதழில் பெயரோடு ஒரு கட்டுரை வருவது நிஜமான லாபம், காசு இல்லாவிட்டாலும். லட்சம் பேர் பார்க்கிற சினிமாத் துணுக்குப் பக்கத்தில் அதே பெயர் வந்தால் சொந்தக்காரர்கள் ஃபோன் செய்வார்கள், அவ்வளவுதான். பெயரே போடாத வேலைக்கு எக்ஸ்போஷர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிற்றிதழ்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது எழுதினவர்களும் அதில் சம்பாதிக்கவில்லை, நடத்தினவரும் சம்பாதிக்கவில்லை. தன் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர் அவர். இருபக்கமும் கையைவிட்டுப் போட்டு நடத்துகிற காரியம் கூட்டுப் பொங்கல் மாதிரி, அங்கே கூலி கேட்க யாருக்கும் தோன்றாது. ஒரு பக்கம் லாபம் எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தை மட்டும் 'தமிழுக்குச் சேவை' செய்யச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது.

இதுவரை வந்த வழி: இலவசம் தரத்தை நிரூபிக்காது, மாதிரி நிரூபிக்கும், அதுவும் ஒரு முறை செலவில். டெஸ்ட் சின்னதாக, பொதுவாக இருந்தால் ருசி, முழுக் கட்டுரையானால் ஓசி. பெயருக்கு எழுதலாம், அந்தப் பெயரைப் பார்க்கிறவர் வேலை தருகிறவராக இருந்தால்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

நுணுக்கங்களுக்குள் போகவில்லை, மூன்றே விஷயம். பதிப்புரிமை என்பது ஒரு எழுத்தை வெளியிடவும் நகலெடுக்கவும் உள்ள உரிமை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத சுதந்திர எழுத்தாளர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு என்றுதான் கொள்ளப்படும். டெஸ்ட்டுக்கு அனுப்பியதாலேயே கட்டுரை அவர்களுடையதாகிவிடாது. நான் அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, இன்னொருவர் அதன் பலனை அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும். எண்ணம் என்பது இங்கே முக்கியம். அதனால் எதை அனுப்பினாலும் மெயிலில் ஒரு வரி சேருங்கள்: 'இது தேர்வுக்காக மட்டும், வெளியிடுவதானால் கட்டணம் இவ்வளவு.' இரண்டாயிரம் ரூபாய்க்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை, தெரியும். ஆனால் அந்த ஒரு வரி இருக்கிற மெயிலை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ரொம்ப விளையாடமாட்டார்கள்.

மூன்றாவது, 'அடுத்த புராஜெக்ட்ல பாத்துக்கலாம்.' அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, என்னவென்று நிச்சயப்படுத்த முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது. எந்த புராஜெக்ட், எவ்வளவு, எப்போது என்பது இல்லாத வாக்கு சட்டத்துக்கு வாக்கே இல்லை.

கையில் ஒன்றும் இல்லாதவர் மாதிரியை எப்படிச் செய்வது

'வேலை செய்திருந்தால்தான் மாதிரி இருக்கும், மாதிரி இருந்தால்தான் வேலை கிடைக்கும்' என்று ஒரு முடிச்சு போல இது தெரியும். முடிச்சு இல்லை. மாதிரிக்கு கிளையண்ட் தேவையில்லை, எழுத்துதான் தேவை. எந்த ரக வேலை வேண்டுமோ அந்த ரகத்தில் நீங்களாகவே எழுதுங்கள். வங்கிச் செயலிகளுக்கு எழுத ஆசை என்றால், நம் ஃபோனில் தினமும் வருகிற ரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

'தங்களது பரிவர்த்தனையானது சில தொழில்நுட்பக் காரணங்களால் தோல்வியுற்றது. பிடித்தம் செய்யப்பட்ட தொகையானது 3 முதல் 5 வேலை நாட்களுக்குள் தங்களது கணக்கில் மீள வரவு வைக்கப்படும்.'

அதற்குக் கீழே உங்கள் வடிவம்:

'பணம் போய்ச் சேரவில்லை. உங்கள் கணக்கில் பிடித்திருந்தால் 3 முதல் 5 வேலை நாட்களில் திரும்பி வந்துவிடும்.'

அதற்கும் கீழே, ஏன் இப்படி மாற்றினீர்கள் என்று நாலு வரி: பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது பணம் போயிற்றா இல்லையா என்பது, 'தொழில்நுட்பக் காரணம்' அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை, 'ஆனது' என்ற வாலை இரண்டு இடத்தில் வெட்டியதில் பொருள் ஒன்றும் குறையவில்லை. இந்த நாலு வரிதான் ஸ்பென்ஸ் சொன்ன அடையாளம். எழுதத் தெரியாதவரால் இதைப் பாவலா செய்வது கடினம், மெஷினிடம் வாங்கி அனுப்பினால் அடுத்த கேள்வியிலேயே திணறிப்போவார். இப்படி ஆறேழு செய்திகளைச் செய்து ஒரு பக்கத்தில் போட்டால், மூன்று கம்பெனிக்கு ஓசியில் எழுதியதைவிடப் பலமான சரக்கு கையில் இருக்கும்.

கட்டுரை எழுதுகிறவராக இருந்தால், உங்களுக்கு நிஜமாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். வீட்டு மின் இணைப்பில் பெயர் மாற்றுவதற்கு நீங்கள் அலைந்திருந்தால் அதை எழுதுங்கள். அலைந்தவர் எழுதியது படித்ததுமே தெரியும். சமூக அமைப்புகளுக்கு இலவசமாக எழுதுவதும் நல்லதுதான், அமைப்பை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்து வாரம் நாலு அறிக்கை எழுத வைத்தால், அது சம்பளமில்லாத வேலை.

கேட்டால் என்ன பதில் எழுதுவது

'நான் ஃப்ரீயாக எழுதமாட்டேன்' என்று முறைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவருடைய பயத்துக்குத்தானே மருந்து வேண்டும். வீட்டுக்கு அட்வான்ஸ், மாட்டுக்கு அச்சாரம் என்று முழு விலை கொடுப்பதற்கு முன் சின்னத் தொகையில் ஆழம் பார்ப்பது நமக்குப் பழகிய வழிதான். அதையே எழுத்துக்கும் வைக்கலாம். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

'வணக்கம். நீங்கள் கேட்டது போன்ற வேலைகளில் நான் எழுதிய மூன்று மாதிரிகளை இணைத்திருக்கிறேன். உங்கள் பொருளுக்கே எப்படி எழுதுவேன் என்று பார்க்க விரும்பினால், 300 வார்த்தையில் ஒரு சின்ன வேலையாகக் கொடுங்கள். அதற்கு 500 ரூபாய். பிடித்துப்போய்ப் பெரிய வேலையாகத் தொடர்ந்தால் அந்த 500ஐ மொத்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.'

அவருடைய நஷ்டம் அதிகபட்சம் ஐந்நூறு ரூபாய். அந்த ஐந்நூறைக்கூடக் கொடுக்க மனமில்லாதவர் பிற்பாடு ஐம்பதாயிரம் கொடுப்பார் என்று நான் நம்புவதில்லை, நீங்கள் நம்பினால் உங்கள் இஷ்டம். கட்டணத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சொல்வதால் அவருக்கு டெஸ்ட் ஓசியில் கிடைத்த திருப்தியும் உண்டு. ஆனால் அது இப்போது வியாபாரம் முடிந்த பிறகு வருகிற கொசுறு.

முதன்முதலாக இந்த மெயிலை நான் அனுப்பியது ஒரு சமையல் எண்ணெய் கம்பெனிக்கு. நாலு நாள் சத்தமே இல்லை. போயிற்று என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒருவர் ஃபோன் செய்து, மாதிரியில் இருந்த கடலை எண்ணெய்க் கட்டுரையைப் பற்றியே பத்து நிமிடம் கேள்வி கேட்டார், செக்கு எண்ணெய் ஏன் அடியில் மண்டி தங்குகிறது என்றெல்லாம். கடைசியில் 'ஐந்நூறு ஜாஸ்தி, நானூறு போட்டுக்கலாமா?' என்றார். போட்டுக்கொண்டேன். பணம் மறுநாளே வந்தது. பெரிய வேலை என்று சொன்னார்களே, அது வரவில்லை. அந்தக் கம்பெனியில் ஆள் மாறிவிட்டார்கள். அந்த முந்நூறு வார்த்தையை மட்டும் மாதிரிகளோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன், தாராளமாக என்றார். இப்போது நான் அனுப்புகிற மெயிலில் இணைப்புகள் நான்கு.